மருந்து விலைக்கும் வக்கீலுக்கும் என்ன சம்பந்தம்?



திரேஸ்புரம் பக்கம் ஒரு குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டாங்க: "வாங்குற கடன்ல பாதி மருந்துக்கே போயிருது. அந்த விலைய யாரு முடிவு பண்றா? அவங்கள நாம கேள்வி கேக்க முடியுமா?" அதற்குப் பதிலாக ஒரு வக்கீலின் வேலையைப் படிப்போம்.

வக்கீல் ஆனந்த் குரோவர், 1981-ல் இந்திரா ஜெய்சிங்குடன் சேர்ந்து மும்பையில் 'லாயர்ஸ் கலெக்டிவ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். நோயாளிகளின் உரிமைக்காக வாதாடுவது அவருடைய முக்கியப் பணியானது.

ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கு 'கிளிவெக்' என்று ஒரு மாத்திரை. நோவார்ட்டிஸ் என்ற வெளிநாட்டுக் கம்பெனியின் விலை மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய். நம் நாட்டுக் கம்பெனிகள் சுமார் 10,000 ரூபாய்க்கே கொடுத்தன. நோவார்ட்டிஸ் காப்புரிமை கேட்டது. அது கிடைத்தால், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம் மற்றவர்கள் அந்த மருந்தைத் தயாரிக்க முடியாது.

புற்றுநோயாளிகளுக்கு உதவும் சங்கம் ஒன்று எதிர்ப்பு மனு போட்டது. சென்னை காப்புரிமை அலுவலகம் 2006-ல் கம்பெனியின் விண்ணப்பத்தைத் தள்ளியது. கம்பெனி விடவில்லை. 'சட்டமே தவறு' என்று சென்னை உயர் நீதிமன்றம் போனது. 2007-ல் அங்கும் தோற்றது. கடைசியில் உச்ச நீதிமன்றமும் 2013 ஏப்ரல் 1-ல் தள்ளுபடி செய்தது. சங்கத்துக்காக வாதாடியவர் குரோவர்.

சட்டம் சொல்வது இதுதான்: தெரிந்த மருந்தின் வடிவத்தை மட்டும் மாற்றினால் போதாது, நோயைக் கூடுதலாகக் குணப்படுத்தவும் வேண்டும். பழைய வள்ளத்துக்குப் பெயிண்ட் அடிச்சிட்டு புது வள்ளம்னு சொன்னா நாம ஒத்துக்குவோமா?

வக்கீல் வேலை கோர்ட்டோடு முடிவதில்லை. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு வேலையோ சிகிச்சையோ மறுக்கக் கூடாது என்ற 2017-ம் வருடச் சட்டத்தின் வரைவை, பாதிக்கப்பட்டவர்களிடம் கேட்டு எழுதி அரசிடம் கொடுத்தது இவர்கள் அமைப்புதான். நாம் பயிற்சியில் படித்த 2005 குடும்ப வன்முறைச் சட்டம் வந்ததிலும் இந்திரா ஜெய்சிங்குக்குப் பெரிய பங்கு உண்டு.

நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை:

1. காப்புரிமை கொடுக்கும் முன் யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு போடலாம். நம் கூட்டமைப்பும் போடலாம்.

2. அத்தியாவசிய மருந்துகளுக்கு உச்ச விலை வைப்பது தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம். அட்டையில் அச்சிட்ட விலைக்கு மேல் கொடுக்காதீர்கள். பில் கேட்டு வாங்குங்கள்.

3. வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. தூத்துக்குடி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். தொலைபேசி: 15100.

அந்த அக்காவுக்குப் பதில்: கேட்கலாம். தனியாகக் கேட்பதைவிட சேர்ந்து கேட்டால் பலம்.

கூட்டத்தில் பேசுங்கள்: போன வருடம் நம் குழுவில் மருந்துக்காக எத்தனை பேர் கடன் வாங்கினோம்? எந்த மருந்துக்கு, எவ்வளவு? தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள். மனு எழுத முதலில் வேண்டியது அந்தக் கணக்குதான்.