விஞ்ஞானப் புனைவை எப்படிப் பார்ப்பது?

கடந்த விடுமுறையில் ஓர் இரவு, சாகாமத்தில் உள்ள எங்கள் வீட்டில் ‘இன்று நேற்று நாளை’ படம் பார்த்துக்கொண்டிருந்தோம். 2015 ஆம் ஆண்டு ஆர். ரவிக்குமார் இயக்கிய படம் அது. எதிர்காலத்திலிருந்து வந்துசேரும் காலப்பொறி ஒன்று இரண்டு நண்பர்களின் கையில் கிடைக்கிறது. “பரீட்சைக்குப் படிக்கிற புள்ளைக்கு இதெல்லாம் தேவையா?” என்று கேட்டுவிட்டு வாப்பா வயலுக்கு யானைக் காவலுக்குப் போய்விட்டார். மூத்தும்மா மட்டும் என்னோடு கடைசிவரை இருந்து பார்த்தார். படம் முடிந்ததும் மெதுவாகச் சொன்னார்:

“அந்த மெசின் ஒண்டு நமக்குக் கிடைச்சா, ரெண்டு மணித்தியாலம் மட்டும் பின்னுக்குப் போனாக் காணும், புள்ள.”

அதற்கு மேல் அவர் எதுவும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி காலை மூத்தும்மா சாகாமத்து வயல் வாடியில் இருந்தார். சாச்சி சாய்ந்தமருதில் கடற்கரையோர வீட்டில் இருந்தார். நான் பிறப்பதற்கு முன்பு நடந்தது. சாச்சியை நான் ஒரு பழைய புகைப்படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

வாப்பாவின் கேள்விக்கு நான் அன்று பதில் சொல்லவில்லை. இக்கட்டுரைதான் அந்தப் பதில்.

விஞ்ஞானப் புனைவு என்றதும் ரொக்கெட்டும் ரோபோவும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். தமிழ்ப் படத்துக்கும் இது புதிதல்ல. 1963 இலேயே எம்.ஜி.ஆர். நடித்த ‘கலை அரசி’ படத்தில் வேற்றுக் கிரகத்தார் பூமிக்கு வந்துவிட்டார்கள். ஆனால் பறக்கும் தட்டைக் காட்டினால் மட்டும் அது நல்ல விஞ்ஞானப் புனைவாகிவிடாது. “இப்படி ஒன்று இருந்தால் என்ன நடக்கும்?” என்று கேட்டு, அந்தக் கேள்விக்கு நேர்மையாக விடை தேட வேண்டும். ஒரு படத்தையோ விளையாட்டையோ பார்க்கும்போது நான் மூன்று விடயங்களைக் கவனிப்பேன்.

முதலாவது, விதி. கதை தானே போட்ட விதியைத் தான் காப்பாற்றுகிறதா? ‘இன்று நேற்று நாளை’யில் கடந்த காலத்தில் கை வைத்தால் நிகழ்காலம் மாறும் என்பது விதி. நண்பர்கள் தெரியாமல் செய்த ஒரு காரியத்தால், செத்திருக்க வேண்டிய ரவுடி ஒருவன் உயிர் தப்பிவிடுகிறான். அதன் விளைவை அவர்களே அனுபவிக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் அந்தப் படம் எனக்குப் பிடிக்கும். 2018 இல் வந்த ‘டிக் டிக் டிக்’ படத்தில் விண்வெளி அழகாக இருந்தது. ஆனால் கதாநாயகனுக்குத் தேவைப்பட்ட இடமெல்லாம் விதி வளைந்து கொடுத்ததாகவே எனக்குத் தோன்றியது.

கணினி விளையாட்டுகளிலும் இதே வேறுபாடு உண்டு. கண்டதையெல்லாம் சுட்டுத் தள்ளும் விளையாட்டுகளை நான் இங்கு ஆதரிக்க வரவில்லை. என் காக்கா ‘கேர்பல் ஸ்பேஸ் புரோகிராம்’ என்ற விளையாட்டை விளையாடுவார். அதில் நாமே ரொக்கெட் கட்டி ஏவ வேண்டும். நேரே மேலே ஏவினால், பூமியை விட்டு விடுபடும் அளவுக்கு வேகம் இல்லாதவரை அது திரும்பி விழுந்துவிடும். சுற்றுப்பாதையில் நிற்க வேண்டுமென்றால் பக்கவாட்டில் போதிய வேகம் வேண்டும். காக்காவின் ரொக்கெட்டுகள் விழுந்து நொறுங்கியதைப் பார்த்துச் சிரித்த எனக்கு, பிறகு வகுப்பில் வட்ட இயக்கமும் ஈர்ப்புப் புலமும் படித்தபோது பாடம் ஏற்கெனவே பாதி தெரிந்திருந்தது.

இரண்டாவது, மனிதர். இயந்திரம் எவ்வளவு பெரிதானாலும் கதை மனிதரைப் பற்றியதாக இருக்க வேண்டும். சங்கரின் ‘எந்திரன்’ (2010) படத்தில் எல்லோரும் பேசுவது கடைசிச் சண்டையைத்தான். ஆயிரக்கணக்கான ரோபோக்கள் ஒன்றுசேர்ந்து பந்தாகவும் பாம்பாகவும் மாறும் அந்தக் காட்சி எனக்குச் சலித்துப்போனது. என் மனதில் நிற்பது தீ விபத்துக் காட்சி. குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை சிட்டி ரோபோ நெருப்பிலிருந்து மீட்டு, அப்படியே எல்லார் முன்னாலும் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது. அவள் வெட்கம் தாளாமல் ஓடி, வாகனத்தில் மோதுண்டு இறந்துபோகிறாள். ரோபோவைப் பொறுத்தவரை அது ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டது. மானம் என்ற ஒன்று அதன் கணக்கில் இல்லை. செயற்கை நுண்ணறிவைப் பற்றி இன்று எல்லோரும் பேசுகிறோம். அதனிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி அந்த ஒரு காட்சிக்குள் இருக்கிறது.

மூன்றாவது, கேள்வி. பார்த்து முடித்த பிறகு நாம் வாழும் உலகத்தைப் பற்றி ஒரு கேள்வி மிஞ்சுகிறதா? இதற்கு நான் தரும் உதாரணம் ரொக்கையா பேகத்தின் ‘சுல்தானாவின் கனவு’. வங்காளத்தைச் சேர்ந்த இந்த முஸ்லிம் பெண்மணி 1905 இல் எழுதிய இக்கதை முதலில் அச்சானது சென்னையில் வெளிவந்த பெண்கள் சஞ்சிகை ஒன்றில். அக்கதையில் வரும் நாட்டைப் பெண்கள் ஆள்கிறார்கள். அங்குள்ள பெண்கள் பல்கலைக்கழகங்களில் ஒன்று மேகத்திலிருந்து நேரடியாக நீரை எடுக்கிறது. மற்றொன்று சூரிய வெப்பத்தைச் சேமிக்கிறது. சமையலும் அந்த வெப்பத்தில்தான். ரொக்கையா அண்ணனிடம் இரகசியமாக ஆங்கிலம் கற்றவர். 1911 இல் கல்கத்தாவில் பெண்களுக்கான பாடசாலையைத் தொடங்கினார். அவரது கதையைத் தழுவி 2023 இல் ஸ்பெயினில் ஓர் அனிமேஷன் திரைப்படமும் வெளிவந்தது. பெண்கள் கல்லூரியில் அமர்ந்து நான் பௌதிகவியல் படிப்பது இன்று சாதாரண விடயம். 1905 இல் அதைக் கனவென்றுதான் எழுத முடிந்தது.

“கற்பனை சோறு போடுமா?” என்று கேட்பவர்களுக்கு எங்கள் வீட்டுக் கூரையைக் காட்டுவேன். அங்கே ஒரு டிஷ் அன்டெனா இருக்கிறது. 1945 ஒக்டோபரில் ஆர்தர் சி. கிளார்க் என்ற 27 வயது இளைஞர் ஒரு கட்டுரை எழுதினார். பூமத்திய கோட்டுக்கு மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு செய்மதியை வைத்தால், பூமி சுழலும் அதே கதியில் அதுவும் சுற்றும். நமக்கு அது வானில் அசையாமல் நிற்பதுபோல் தெரியும். அப்படி மூன்று செய்மதிகள் இருந்தால் உலகம் முழுவதற்கும் செய்தி அனுப்பலாம் என்றார். முதல் செய்மதி விண்ணுக்குப் போனது 1957 இல்தான். ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ (1968) படத்தின் கதையை ஸ்டான்லி குப்ரிக்கோடு சேர்ந்து எழுதியவரும் இவரே. 1956 முதல் 2008 இல் இறக்கும்வரை கிளார்க் வாழ்ந்தது நமது இலங்கையில்.

இனி மூத்தும்மாவின் இரண்டு மணித்தியாலத்துக்கு வருகிறேன். 2004 இல் சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் நிலம் நடுங்கியதற்கும் நமது கரையில் அலை ஏறியதற்கும் இடையில் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் இருந்தது. சாய்ந்தமருதிலிருந்து உள்நாட்டுக்கு நடந்தே வந்திருக்கலாம். சொல்லத்தான் யாரும் இருக்கவில்லை. அதன் பிறகுதான் இந்து சமுத்திரத்துக்கு எச்சரிக்கை முறைமை அமைக்கப்பட்டது. கடலடியில் உள்ள கருவி நீரின் அழுத்த மாற்றத்தை உணர்ந்து மேலே மிதக்கும் மிதவைக்குச் சொல்கிறது. மிதவை அதைச் செய்மதி வழியாகக் கரைக்கு அனுப்புகிறது. 2012 ஏப்ரல் 11 ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் பெரிய நிலநடுக்கம் ஏற்பட்டபோது இலங்கையில் எச்சரிக்கை விடுக்கப்பட்டது. கரையோரத்து உறவினர்கள் எல்லோரும் அன்று எங்கள் சாகாமத்து முற்றத்தில் வந்து இருந்தார்களாம். அலை வரவில்லை. பிளேன்டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்களாம்.

இதையெல்லாம் மூத்தும்மாவுக்கு விளக்கிச் சொன்னேன். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “போனதை மாத்தேலாது, புள்ள. வாறதுக்கு முந்திச் சொல்லித் தந்தாக் காணும்” என்றார். காலப்பொறி பற்றி இதைவிடத் தெளிவான கருத்தை நான் எந்தப் படத்திலும் கேட்டதில்லை.

அன்பான பெற்றோரே, பிள்ளைகள் திரைக்கு முன்னால் கழிக்கும் நேரத்துக்கு எல்லை வையுங்கள்; அது தேவைதான். ஆனால் வாரத்தில் ஒருநாளாவது கூட அமர்ந்து பாருங்கள். பார்த்த பிறகு விதி என்ன, மனிதர் யார், மிஞ்சிய கேள்வி எது என்று கேளுங்கள். தோழிகளே, பதில் சொல்ல முடியாத படமென்றால் அடுத்ததைத் தேடுங்கள். முடிந்தால் நீங்களே ஒரு கதை எழுதுங்கள். நமது கடற்கரையிலிருந்து கேட்க வேண்டிய கேள்விகள் நம்மிடம்தான் இருக்கின்றன.

நான் பொறியியல் படிக்க விரும்புகிறேன். கடலடியில் வைக்கும் அந்தக் கருவியைப் பற்றி இன்னும் அறிய வேண்டும். வாப்பாவுக்கு என் பதில் இதுதான்.