காத்திருக்கக் கற்ற கணிப்பொறி

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

கணிப்பொறி என்றதும், ஓயாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் ஓர் இயந்திரத்தைத்தான் நாம் மனக்கண்முன் காண்கிறோம். உண்மை வேறு. அது தன் நேரத்தில் பெரும்பகுதியைக் காத்திருப்பதிலேயே கழிக்கிறது. நாம் ஓர் எழுத்தைத் தட்டிவிட்டு அடுத்த எழுத்தைத் தேடும் சிறு இடைவெளியில் அது கோடிக்கணக்கான கணக்குகளைப் போட்டு முடித்துவிடும். பிறகு நம் விரலுக்காகக் காத்திருக்கும். தொலைவிலுள்ள இன்னொரு கணிப்பொறியிலிருந்து வர வேண்டிய செய்திக்காகவும் அப்படியே காத்திருக்கும். இந்தக் காத்திருப்பைச் செம்மையாகச் செய்ய அதற்குக் கற்றுக்கொடுக்க அறிஞர்களுக்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆயின என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? அந்த வரலாற்றைத்தான் தோழியருக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் கணிப்பொறியின் உள்ளமைப்பைச் சிறிது தெரிந்துகொள்வோம். அதில் 'கெர்னல்' என்று ஒரு பகுதி உண்டு. இயக்க முறைமையின் கரு அதுவே. நினைவகம், வட்டு, வலைப்பின்னல், விசைப்பலகை ஆகிய அனைத்தும் அதன் பொறுப்பில் உள்ளன. நாம் பயன்படுத்தும் புரோகிராம்கள் எல்லாம் அதற்கு வெளியே நிற்பவை. உள்ளே நுழைய அவற்றுக்கு அனுமதி இல்லை. சிறுமலர் தெரேசம்மாள் 1888-ஆம் ஆண்டு தம் 15-வது வயதில் சேர்ந்தாரே, லிசியே நகரத்துக் கார்மேல் மடம், அதுபோன்ற மடங்களில் சுவரில் ஒரு சுழல் பெட்டி அமைத்திருப்பார்கள். வெளியாள் பொருளை அதில் வைத்துச் சுழற்றினால் அது உள்ளே போய்விடும். உள்ளிருப்பவர் முகத்தை வெளியாள் காண்பதில்லை. கெர்னலுக்கும் புரோகிராமுக்கும் இடையே அத்தகைய சுழல் பெட்டியாக இருப்பது 'சிஸ்டம் கால்' என்னும் அழைப்பு. ஒவ்வொரு முறை சுழற்றும்போதும் சிறிது நேரம் செலவாகும். ஒருமுறைக்கு அது மிகச் சிறிது. ஆனால் நொடிக்குப் பல்லாயிரம் முறை சுழற்றினால்?

இனி விடுதியிலிருந்து ஓர் உதாரணம். இக்காலத்தில் கடிதங்கள் குறைந்துவிட்டாலும் கதைக்கு அவை உதவும். விடுதிக்கு வரும் கடிதங்களை அலுவலகத்தில் ஒரு சிஸ்டர் வாங்கி வைக்கிறார் என்று கொள்வோம். அவரே கெர்னல். மாணவிகளுக்காகக் கேட்டு வாங்கிச் செல்லும் விடுதித் தலைவி புரோகிராம். ஒரே ஒரு மாணவிக்குக் கடிதம் வர வேண்டியிருந்தால் கவலையே இல்லை. தலைவி அலுவலக வாசலில் அமர்ந்து உறங்கலாம். கடிதம் வந்ததும் சிஸ்டர் எழுப்புவார். நாற்பது பேருக்கு வர வேண்டியிருந்தால் என்ன செய்வது? ஒருத்தியின் கடிதத்துக்காக உறங்கிவிட்டால் மற்ற முப்பத்தொன்பது பேரின் கடிதங்கள் வந்து கிடக்கும். நாற்பது பேரையும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டே நின்றால் தலைவிக்கு வேறு வேலை எதுவும் ஓடாது. கணிப்பொறி அப்படி ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தால் சூடேறும், மின்சாரம் வீணாகும், கைபேசியாக இருந்தால் மின்கலம் விரைவில் தீரும்.

இதற்கு முதல் தீர்வு அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. அங்கு உருவாகி 1983-இல் வெளியான 4.2 பிஎஸ்டி என்னும் யூனிக்ஸ் வகையில் 'செலக்ட்' என்ற அழைப்பைச் சேர்த்தார்கள். தலைவி நாற்பது பெயர்களையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு உறங்கலாம். எவருக்கேனும் கடிதம் வந்தால் சிஸ்டர் அப்பெயருக்கு எதிரே குறியிட்டுத் தாளைத் திருப்பித் தருவார். அக்காலத்துக்கு இது மிக நல்ல ஏற்பாடு. ஆனால் மூன்று குறைகள் இருந்தன. அடுத்த முறை தாளைப் புதிதாக எழுத வேண்டும். சிஸ்டர் ஒவ்வொரு முறையும் பட்டியல் முழுவதையும் பார்க்க வேண்டும். குறி எங்கே இருக்கிறது என்று தலைவியும் முழுப் பட்டியலையும் தேட வேண்டும். போதாதற்குத் தாளில் வழக்கமாக 1,024 பெயர்களுக்கே இடம். பின்னால் வந்த 'போல்' என்னும் அழைப்பு இந்த இட வரம்பை நீக்கியது. பட்டியல் முழுவதையும் இருவரும் பார்க்க வேண்டிய குறைகள் அப்படியே இருந்தன.

நாற்பது பெயர்களுக்கு இது ஒரு சிரமமே அன்று. இணையம் வளர்ந்தபோதுதான் சிரமம் தெரிந்தது. தேர்வு முடிவு வெளியாகும் காலையை நினைத்துப் பாருங்கள்! ஒரே சர்வரின் வாசலில் எத்தனை ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் நிற்கிறார்கள்! ஒரு சர்வர் 10,000 இணைப்புகளை ஒரே சமயத்தில் தாங்க வேண்டும் என்பதை டேன் கெகல் என்பவர் 1999-இல் ஒரு சவாலாக முன்வைத்தார். அதற்கு 'சி10கே' என்று பெயர் நிலைத்துவிட்டது. 'போல்' அழைப்பில் ஓர் இணைப்புக்கு 8 பைட் எழுத வேண்டும். 10,000 இணைப்புகளுக்கு 80,000 பைட். அவற்றுள் ஒரே ஒரு இணைப்பில் செய்தி வந்திருந்தாலும், ஒவ்வொரு அழைப்பிலும் அந்த 80,000 பைட் முழுவதும் சுழல் பெட்டி வழியாகப் போக வேண்டும். பேசாமல் நிற்கும் 9,999 பேருக்காக இவ்வளவு உழைப்பு!

குற்றம் கணிப்பொறியின் வேகத்தில் இல்லை, கேள்வி கேட்கும் முறையில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். எவருக்குக் கடிதம் வந்தது என்பது சிஸ்டருக்கு அது வந்த கணத்திலேயே தெரியும். தெரிந்தவரைச் சும்மா இருக்கவிட்டு, தெரியாதவர் ஏன் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும்?

ஃப்ரீபிஎஸ்டி என்னும் இயக்க முறைமையில் 2000-ஆம் ஆண்டு ஜோனதன் லெமன் உருவாக்கிய 'கேக்யூ' இதற்கு விடை தந்தது. லினக்ஸில் டேவிட் லிபென்சி உருவாக்கிய 'ஈபோல்' 2002-இல் சேர்ந்தது. இரண்டின் அடிப்படையும் ஒன்றே. தலைவி பெயர்ப் பட்டியலை ஒரே ஒருமுறை கொடுத்தால் போதும்; சிஸ்டர் அதைத் தம்மிடமே வைத்துக்கொள்வார். புதிதாக ஒருத்தி சேர்ந்தால் அவள் பெயரை மட்டும் சேர்க்கச் சொல்லலாம். கடிதம் வந்தவுடன் அதற்குரிய பெயரை ஒரு தட்டில் எடுத்துப் போடுகிறார் சிஸ்டர். தலைவி விழித்ததும் அந்தத் தட்டை மட்டும் பார்க்கிறாள். காத்திருப்பவர் நாற்பதாயிரம் பேராக இருந்தாலும் தட்டில் மூன்று பெயர் இருந்தால் மூன்று பெயருக்குரிய வேலைதான். ரஷ்யாவின் ஈகர் சிசோயெவ் எழுதி 2004-இல் வெளியிட்ட 'என்ஜின்எக்ஸ்' என்னும் சர்வர் புரோகிராம் இந்த வழியில் நடந்துதான் புகழ் பெற்றது.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. நின்று பார்த்துவிட்டுப் போவோம். 'ஈபோல்' இரண்டு விதமாக அறிவிக்கும். தட்டில் கடிதம் இருக்கும் வரை, தலைவி எப்போது வந்து கேட்டாலும் "இருக்கிறது" என்று சொல்வது ஒரு விதம். புதிதாகக் கடிதம் வரும் கணத்தில் மட்டும் சொல்லிவிட்டுப் பிறகு மௌனமாகிவிடுவது மற்றொரு விதம். இரண்டாவதில் வேலை குறைவு, ஆபத்து மிகுதி. மூன்று கடிதங்கள் வந்திருக்க, தலைவி ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போய் மறுபடி உறங்கிவிட்டாள் என்று வையுங்கள். புதிய கடிதம் எதுவும் வரவில்லையானால் யாரும் அவளை எழுப்பமாட்டார்கள். மீதி இரண்டும் தட்டிலேயே கிடக்கும். அவற்றில் ஒன்று 'அப்பாவுக்கு உடல்நலமில்லை, உடனே வா' என்ற கடிதமாக இருந்தால் என்ன ஆகும்! ஆகையால் இரண்டாம் விதத்தைப் பயன்படுத்துவோர், இனி எதுவும் இல்லை என்று கெர்னல் சொல்லும் வரை எல்லாவற்றையும் எடுத்துத் தீர்த்த பிறகே உறங்கச் செல்ல வேண்டும்.

அறிவிப்பு தொலைந்துபோவது என்னும் இந்தத் துன்பம் மிகப் பழையது. யூனிக்ஸில் 'சிக்னல்' என்றொரு முறை வெகு காலமாக உண்டு. அதைக் கைமணிக்கு ஒப்பிடலாம். புரோகிராம் கேளாத நிலையில் இருக்கும்போது ஒரே வகைச் சிக்னல் இரண்டு வந்தால் பின்னர் அது ஒன்றாகத்தான் கணக்கில் வரும். மணியோசை காற்றில் கரைந்துவிடுகிறது; எத்தனை முறை அடித்தது என்று பின்னால் வருபவருக்கு எப்படித் தெரியும்? அதனால் சிலர் 'பைப்' என்னும் குழாயைப் பயன்படுத்தினார்கள். ஒரு முனையில் ஒரு பைட்டைப் போட்டால் மறுமுனையில் உறங்குபவர் விழித்துக்கொள்வார். ஆனால், "எழுந்திரு" என்று சொல்வதற்காக ஒரு குழாயையே பதிப்பது சற்று அதிகம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. குழாய்க்கு இரண்டு முனைகள் உண்டு. முனைக்கு ஒன்றாகக் கெர்னலிடம் இரண்டு அடையாள எண்கள் பெற வேண்டும். தகவலைத் தேக்கி வைக்க இடமும் வேண்டும். லினக்ஸில் வழக்கமாக 65,536 பைட் நிரம்பிவிட்டால், குழாயில் போட வருபவரும் நின்று காத்திருக்க நேரிடும்.

2007-இல் வெளியான லினக்ஸ் 2.6.22 பதிப்பில் 'ஈவென்ட் எஃப்டி' என்ற மிக எளிய கருவி வந்தது. இதுவும் லிபென்சியின் படைப்பே. இதில் குழாயும் இல்லை, தாளும் இல்லை. கெர்னலுக்குள் 8 பைட் அளவுள்ள ஓர் எண் மட்டும் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொள்ள ஒரே ஓர் அடையாள எண் போதும். அலுவலக வாசலில் ஒரு சிலேட்டு தொங்குவதாகக் கொள்ளுங்கள். ஏதேனும் நிகழ்ந்தால் வருபவர் சிலேட்டில் உள்ள எண்ணோடு ஒன்றைக் கூட்டிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போகலாம். தலைவி வந்து எண்ணைப் படித்துவிட்டு அழித்துச் சுழியமாக்குவாள். எண் சுழியமாக இருந்தால் உறங்குவாள். சிலேட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண்ணுக்கு 20 இலக்கங்கள் உண்டு. அது நிரம்பிவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை!

இதன் அருமை ஒரு நுட்பமான இடத்தில் வெளிப்படுகிறது. தலைவி எட்டிப் பார்க்கிறாள், ஒன்றும் இல்லை, உறங்கப் போகிறாள். பார்த்ததற்கும் கண் மூடியதற்கும் இடையே உள்ள அந்த இமைப்பொழுதில் ஒரு நிகழ்ச்சி நடந்துவிடுகிறது. மணி மட்டும் இருந்தால் அது அடித்து ஓய்ந்திருக்கும். அவள் விடியும் வரை உறங்குவாள். கணிப்பொறியில் விடியல்கூடக் கிடையாது. அந்தப் புரோகிராம் உறைந்து நின்றுவிடும், ஏன் நின்றது என்று கண்டுபிடிப்பதும் கடினம். சிலேட்டு இருந்தாலோ கதை வேறு. உறங்க முயலும்போது கெர்னல் எண்ணைப் பார்க்கிறது. சுழியமாக இல்லையானால் உறங்கவே விடுவதில்லை. நிகழ்ச்சி முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும் போட்ட எண் அங்கேயே இருக்கிறது. பத்து நிகழ்ச்சிகள் வந்திருந்தாலும் தலைவியைப் பத்து முறை எழுப்பத் தேவையில்லை. ஒருமுறை விழித்து '10' என்று படித்துக்கொள்வாள்.

இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. சிலேட்டில் எண் மட்டுமே உண்டு; யார் வந்தார், எந்த வரிசையில் வந்தார், என்ன கொண்டுவந்தார் என்பதெல்லாம் அதில் இல்லை. அவற்றை வேறோர் இடத்தில் எழுதி வைத்துவிட்டுத்தான் எண்ணைக் கூட்ட வேண்டும். எண்ணை முதலில் கூட்டிவிட்டுச் செய்தியைப் பிறகு வைத்தால், விழித்து வந்த தலைவி காலித் தட்டைக் கண்டு திரும்பிவிடுவாள். வரிசை மாறினால் எல்லாம் கெடும்.

கெர்னலும் இந்தச் சிலேட்டில் எழுதலாம் என்பது இன்னொரு சிறப்பு. ஒரு கணிப்பொறிக்குள் பல கற்பனைக் கணிப்பொறிகளை இயக்கும் 'கேவிஎம்' என்னும் ஏற்பாட்டில், கெர்னலும் வெளியிலுள்ள புரோகிராமும் ஒன்றுக்கொன்று சைகை காட்ட இதைத்தான் பயன்படுத்துகின்றன. 'ஈவென்ட் எஃப்டி'யின் அடையாள எண்ணை 'ஈபோல்' பட்டியலிலும் சேர்க்கலாம். அப்போது வலைப்பின்னலின் செய்திகளுக்கும் உள்வீட்டுச் செய்திகளுக்கும் சேர்த்து ஒரே வாசலில் உறங்கலாம். 2019-இல் ஜென்ஸ் ஆக்ஸ்போ 'ஐஓ யூரிங்' என்பதைக் கொண்டுவந்து, கெர்னலும் புரோகிராமும் பொதுவாகப் பார்க்கும் இரண்டு வளையங்களை அமைத்தார். சுழல் பெட்டியைச் சுழற்றும் வேலை அதனால் மேலும் குறைந்தது. அதை விளக்கத் தனிக் கட்டுரையே வேண்டும்.

இவையெல்லாம் பெரிய சர்வர்களுக்குரியவை, நமக்கென்ன என்று பெற்றோர் நினைக்கலாம். ஆண்ட்ராய்ட் கைபேசிக்குள் 'லூப்பர்' என்றொரு பகுதி இருக்கிறது. திரையில் நாம் காணும் ஒவ்வொரு செயலியும் அதன் துணையோடுதான் இயங்குகிறது. செய்ய வேலை எதுவும் இல்லாதபோது லூப்பர் 'ஈபோல்' வாசலில் போய் உறங்கிவிடுகிறது. அந்நேரம் அதற்காக மின்கலம் செலவாவதில்லை. விரல் திரையில் பட்டால் கெர்னல் அதை எழுப்புகிறது. செயலியின் வேறொரு பகுதி அதற்கு ஒரு வேலையைக் கொண்டுவந்தால், அந்த வேலையை வரிசையில் வைத்துவிட்டு 'ஈவென்ட் எஃப்டி'யில் ஒன்றைக் கூட்டுகிறது. லூப்பர் விழித்து, எண்ணைப் படித்துச் சுழியமாக்கி, வரிசையில் இருப்பதைச் செய்து முடித்துவிட்டு மறுபடியும் அதே வாசலில் உறங்கப் போகிறது.