வளவு டீசலுக்குக் கைத்தொலைபேசிக் கணக்கு

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பகுதிகளில் அரிசி ஆலை, பஸ், லொறி, அறுவடை மெசின் வைத்திருக்கும் நம்மவர் சிலரது வளவில் சொந்த டீசல் தாங்கியும் பம்பும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். வேளாண்மை வெட்டு நேரத்தில் ஒவ்வொரு தடவையும் செட்டுக்கு ஓட முடியாது. தாங்கிக்குப் பூட்டு உண்டு. திறப்பு கணக்கப்பிள்ளையிடமோ மருமகனிடமோ இருக்கும். பக்கத்தில் நூலில் கட்டிய பேனையுடன் ஒரு கொப்பி. எந்த வாகனத்துக்கு எத்தனை லீற்றர் போனது என்பதை மாலையில் ஞாபகத்தில் இருந்து எழுதுவார்கள். அந்தக் கொப்பியை வைத்துத்தான் ஒரு சாரதி நல்லவனா கள்ளனா என்று தீர்ப்பும் சொல்கிறோம்.

2022 இல் நாடே வரிசையில் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த ஆண்டு ஜூலையில் தேசிய எரிபொருள் அனுமதிப்பத்திரம் என்ற கியூஆர் முறை அறிமுகமாகி, ஆகஸ்ட் 1 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கும் வானுக்கும் 20, பஸ்ஸுக்கு 40, லொறிக்கு 50. 2023 செப்டம்பர் 1 இல் அந்தக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. அதில் வியாபாரிக்கு ஒரு பாடம் இருந்ததாக நான் நினைக்கிறேன். செட்டில் நின்ற பையனின் கையில் இருந்தது சாதாரணக் கைத்தொலைபேசி. கடதாசியில் அச்சடித்த கியூஆரைக் காட்டினாலும் அது வேலை செய்தது. ஏனென்றால் கணக்கு கடதாசியில் இல்லை, மத்திய கணினியில் இருந்தது. யார், எந்த வாகனம், எத்தனை லீற்றர், எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அடிக்கும் நேரத்திலேயே பதிவானது. ஆனால் பிறருடைய கியூஆரைப் படமெடுத்து அவர் பங்கை அடித்துக்கொண்டு போனவர்களும் இருந்தார்கள். ஆகவே குறியீட்டுடன் இலக்கத் தகட்டையும் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

இதையே நம் வளவில் செய்யச் செலவே இல்லாத வழி உண்டு. ஒவ்வொரு வாகனத்திலும் ஒரு கியூஆர் ஒட்டுங்கள். அதைத் தொலைபேசியால் ஸ்கேன் செய்தால் இணையப் படிவம் ஒன்று திறக்கும். பம்பின் மானியை அடிக்க முன்னும் பின்னும் படமெடுத்து அதில் ஏற்ற வேண்டும். நேரம் தானாகவே பதிவாகும். லொறிக்குக் கிலோமீற்றர் எழுதுங்கள். உழவு இயந்திரத்துக்கும் அறுவடை மெசினுக்கும் கிலோமீற்றர் பிரயோசனமில்லை. ஓடிய மணித்தியாலத்தை எழுத வேண்டும்.

அடுத்த படி, பம்பின் மின்சாரத்தையே கட்டுப்படுத்தும் கருவி. சாரதி தொலைபேசியில் தன் இரகசிய இலக்கத்தைக் கொடுத்தால்தான் பம்பு ஓடும். அனுமதித்த லீற்றர் முடிந்ததும் தானாக நிற்கும். பாய்ந்த அளவு முதலாளியின் தொலைபேசிக்கு வரும். டீசலுக்கு இது அதிகம் பயமில்லை. டீசலின் ஆவி தீப்பற்ற ஐம்பது பாகைக்கு மேல் சூடு வேண்டும். பெற்றோல் அப்படியல்ல, உறைகுளிரிலும் அதன் ஆவி பற்றும். பெற்றோல் வைத்திருப்பவர் தொலைபேசியையும் கருவியையும் பம்படியில் இருந்து தள்ளியே வைக்க வேண்டும். (தொகையாக எரிபொருள் வைக்க அனுமதி தேவை என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. 2022 இல் அனுமதியின்றிப் பதுக்கியவர்கள் பிடிபட்டது தெரிந்த விடயம்.)

கருவி வாங்கிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இனித்தான் கவனிக்க வேண்டும். பம்பின் மானி சொல்வது வெளியே போனதை மட்டும். தாங்கியில் மிச்சம் எவ்வளவு என்பதைக் கோல் விட்டுத்தான் பார்க்கிறோம். கிடையாகப் படுத்திருக்கும் 1000 லீற்றர் உருளைத் தாங்கி, விட்டம் 100 சென்ரிமீற்றர் என்று வையுங்கள். கோலில் 25 சென்ரிமீற்றர் நனைந்தால் 250 லீற்றர் என்று கணக்கப்பிள்ளை எழுதுவார். உண்மையில் உள்ளே இருப்பது சுமார் 195. அந்த மட்டத்தில் இருந்து தாங்கி காலியாகும்போது மானி 195 காட்டும், கோல் கணக்கு 250 காட்டும். 55 லீற்றரை யாரோ ஒரு ஏழைச் சாரதியின் தலையில் கட்டிவிடுவோம். அவன் ஒரு துளியும் தொட்டிருக்க மாட்டான். தாங்கி செய்தவரிடம் அளவு அட்டவணை கேளுங்கள். இல்லாவிட்டால், தாங்கி காலியானதும் 20 லீற்றராக ஊற்றி ஊற்றிக் கோலில் நீங்களே கோடு கீறிக்கொள்ளுங்கள்.

சூட்டுக்கு டீசல் பெருக்கும். 1000 லீற்றரில் 10 பாகைக்கு ஏறத்தாழ 8 லீற்றர் வித்தியாசம் வரும். நடுப்பகலில் ஒரு நாளும் விடியலில் ஒரு நாளும் அளந்தால் கணக்கு ஒத்துவராது. சுபஹுக்குப் பின் ஒரே நேரத்தில் அளப்பது நல்லது. பவுசர் வரும் நாளில் இறக்க முன்னும் பின்னும் கோல் விடுங்கள். அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம் சரிபார்த்த அளவுக் கலன் ஒன்றால் பம்பையும் இடைக்கிடை சோதியுங்கள். 20 லீற்றருக்கு 100 மில்லிலீற்றர் பிசகினால் 1000 லீற்றருக்கு 5 லீற்றர்.

சூரா பகராவின் 282 ஆவது வசனம் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதவும் சாட்சி வைக்கவும் சொல்கிறது. நம்மவர்களோ “சொந்தக்காரப் பொடியன்தானே, எழுதி என்ன” என்கிறார்கள். எழுத்து முதலாளிக்கு மட்டுமல்ல, அந்தப் பொடியனுக்கும் பாதுகாப்பு. ஆகவே கருவி பூட்டும் முன் சாரதிகளைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அவரவர் வாகனத்தின் கணக்கை அவரவர் தொலைபேசியிலும் பார்க்க விடுங்கள்.

கருவி விற்பவரிடம் கேட்க வேண்டியவை சில. சிக்னல் இல்லாதபோது கருவி கணக்கைத் தன்னுள் வைத்துப் பின்னர் அனுப்புமா? அந்தக் கம்பனி மூடப்பட்டால் பழைய கணக்கை எக்செலில் எடுக்க முடியுமா? கருவி பழுதானால் பம்பை நேரடியாக ஓட்ட ஒரு திறப்பு தருவார்கள், அது எத்தனை பிரதி? அந்தத் திறப்பைக் கடித உறையில் இட்டு, ஒட்டிய இடத்தில் கையொப்பம் வைத்து அலுமாரியில் வையுங்கள். உறை கிழிந்த நாளில் திகதியும் மானியின் இலக்கமும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.