தாய்லாந்து செல்வோர் கவனத்திற்கு

உல்லாசப் பிரயாணமாகத் தாய்லாந்து செல்வோர், அந்நாட்டுச் சட்டத்தையும் ஆசாரத்தையும் அறியாமையால் சங்கடத்துக்கு உள்ளாகாதிருக்க, பின்வருவனவற்றை மனத்தில் இருத்திக்கொள்வது நலம்.

1. மன்னரையும் ராஜ குடும்பத்தாரையும் பற்றி, பேச்சிலோ சமூக வலைத்தளத்திலோ, இழிவாக எதுவும் சொல்லாதீர்கள். குற்றவியல் சட்டத்தின் 112-ஆம் பிரிவு அதற்கு 3 முதல் 15 ஆண்டுவரை சிறைவாசம் விதிக்கிறது.

2. காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் பொது இடங்களில் தேசிய கீதம் ஒலிக்கக் கேட்டால், நடையை நிறுத்தி அசையாது நில்லுங்கள். அதுவே அந்நாட்டு மக்கள் போற்றும் மரியாதை.

3. பௌத்த ஆலயங்களில் தோளும் முழங்காலும் மறைய உடுத்தி, பாதரட்சைகளைக் கழற்றி, பாதங்கள் புத்தர் திருவுருவத்தை நோக்காதவாறு கால்களைப் பின்னே மடக்கி அமருங்கள்; உடலில் பாதமே தாழ்ந்த அங்கம் என்பது அவர்கள் கொள்கை.

4. குழந்தையே ஆயினும் பிறர் தலையைத் தொடாதீர்கள். சிரசை அவர்கள் புனிதமாகக் கருதுகின்றனர்.

5. பெண்கள் பிட்சுக்களைத் தொடாமலும், காணிக்கையை நேரே கையில் கொடாமல் அவர்கள் விரிக்கும் துணியின்மீது வைத்தும் வணங்க வேண்டும். ஸ்திரீ ஸ்பரிசத்தைத் தவிர்ப்பது துறவிகளின் விரதம்.

6. மின்சிகரெட்டை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். அதை அங்கே கொண்டுசெல்வது சட்டவிரோதம்.