வார்டு யாருக்குச் சொந்தம்?

கேள்வி: பீங்கான் பட்டறைகளுக்குப் பேர்போன எங்கள் ஊரில், தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டால் எம்.எல்.ஏ.விடம்தான் போகவேண்டுமா?
- வாசகி, விருத்தாசலம்

பதில்: வேண்டாம் அம்மா. சாக்கடை, குடிநீர், தெருவிளக்கு மூன்றும் நகராட்சியின் வேலை. உங்கள் நகராட்சியில் 33 வார்டுகள். வார்டுக்கு ஒரு கவுன்சிலர். 2022 பிப்ரவரி 19-இல் நீங்கள் வாக்களித்தது கவுன்சிலருக்கு மட்டும்தான். தலைவரை அந்தக் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். மன்றம் தீர்மானம் போடும். அதைச் செயல்படுத்துபவர் அரசு நியமிக்கும் ஆணையர். ஆகவே மனுவை ஆணையர் பெயருக்கு எழுதி, ஒரு நகலைக் கவுன்சிலர் கையில் கொடுங்கள். வெள்ளை மண் குழம்பி எந்த முனையில் அடைக்கிறது, எந்த வீட்டு வாசலில் தேங்குகிறது என்று குறிப்பிட்டு எழுதுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள்.

நகராட்சி எல்லைக்கு வெளியே குடியிருந்தால் கதை வேறு. அங்கே ஊராட்சியும் கிராமசபையும்தான்.

கிராமசபை போல நகரத்துக்கும் இப்போது பகுதி சபை உண்டு. 2022-இல் விதிகள் வந்து, அந்த ஆண்டு நவம்பர் 1-இல் தமிழகமெங்கும் கூடியது. பல ஊர்களில் இதற்கு ஆள் சேர்வதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். பட்டறையில் வேலைசெய்யும் பெண்கள் பத்துப்பேர் சேர்ந்து போய் உட்காருங்கள். கேட்டதைக் கூட்டக் குறிப்பில் எழுதவையுங்கள்.