மெட்டு ஒன்று, பாட்டு மூன்று

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

நான் பிறந்த ஊர் கூமாப்பட்டி. வத்திராயிருப்பைத் தாண்டி, மேற்கு மலை கைக்கெட்டும் தூரத்தில் வந்து நிற்கிற இடம். நெல்லும் தென்னையும் விளையும். பிளவக்கல் அணை பக்கத்தில் இருக்கிறது. 2025 ஜூன் மாதம் வரை இந்தப் பெயரைச் சொன்னால், "அது எங்கே இருக்கிறது?" என்று கேட்டவர்களே அதிகம். அந்த மாதத்தில், ஊரின் அழகைப் புகழ்ந்து எல்லோரையும் வாருங்கள் என்று அழைக்கும் ஒரு சிறு படம் கைபேசிதோறும் பரவிற்று. அதன் பிறகு விடுதியில் என்னை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ஒரு சினிமாப் பாட்டின் மெட்டில் ஊர்ப் பெயரை வைத்து நான்கு வரி கட்டி, நான் தட்டோடு சாப்பாட்டுக் கூடத்தில் நுழையும்போதெல்லாம் பாடினார்கள். முதல் வாரம் நானும் சேர்ந்து சிரித்தேன். அடுத்த வாரம் அந்தப் பாட்டில் என் அப்பாவின் மண்வெட்டியும் வந்து சேர்ந்தது. அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் மெட்டு நல்ல மெட்டு. வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதும் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

ஒரு பாட்டின் சொல்லை மட்டும் மாற்றினால் அது ஏன் இவ்வளவு சிரிக்க வைக்கிறது, ஏன் இவ்வளவு சுடுகிறது என்று எண்ணத் தொடங்கியதன் விளைவே இக்கட்டுரை. தமிழ் இலக்கிய மாணவர்கள் பிழை கண்டால் பொறுத்தருள வேண்டும்.

வர்ணமெட்டு

பிறர் மெட்டை எடுத்துக்கொள்வது நம் நாட்டில் களவாகக் கருதப்பட்டதில்லை. பழைய பாட்டுப் புத்தகங்களில் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் "இன்ன பாட்டின் வர்ணமெட்டு" என்று வெளிப்படையாக அச்சிட்டிருப்பார்கள். ஸ்வரம் எழுதத் தெரியாத ஊரில் அதுவே ஸ்வரக் குறிப்பு. பார்சி நாடகக் கம்பெனிகள் தமிழ்நாட்டுக்கு வந்துபோன பிறகு, அவர்களுடைய மெட்டுகள் நம் நாடக மேடையில் தமிழ்ச் சொல்லைக் கட்டிக்கொண்டு வலம் வந்தன. சினிமா வந்த பிறகு இந்திப் படங்களின் மெட்டுகள் அவ்வாறே வந்தன. இன்றைக்கும் அம்மன் கோயில் ஒலிபெருக்கியில் ஒலிக்கும் பக்திப் பாடல்களில் பாதிக்கு மூலம் எந்தப் படம் என்று எங்கள் ஊர்ச் சிறுவர்கள் சொல்லிவிடுவார்கள்.

ஆனால் இவற்றிலெல்லாம் மெட்டு ஒரு வாகனம் மட்டுமே. மூலப் பாட்டு நினைவுக்கு வராவிட்டாலும் நட்டமில்லை. நான் ஆராய விரும்பும் வகை வேறு. அதில் மூலப்பாட்டு நினைவுக்கு வந்தே ஆக வேண்டும். வராவிட்டால் பாட்டே இல்லை. திருவிழாவில் வள்ளி திருமணம் நாடகம் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பபூன் வந்து எல்லோருக்கும் தெரிந்த பாட்டின் முதல் அடியை ஒழுங்காகப் பாடி, இரண்டாவது அடியில் ரேஷன் கடையை நுழைத்துவிடுவார். ஆர்மோனியக்காரர் முகத்தில் அசைவே இருக்காது. கூட்டம் உருளும்.

அதே நாடகத்தைக் கொண்டு எங்கள் மாவட்டத்துக்காரர் ஒருவர் ஆங்கில ஆட்சியையே சீண்டினார். சிவகாசியில் 1886-இல் பிறந்த விசுவநாததாஸ், வள்ளி தினைப்புனத்தில் பறவை விரட்டும் இடத்தில் பாடிய கொக்குப் பாட்டு புகழ்பெற்றது. கேட்பவர்களுக்குக் கொக்கின் வெள்ளை நிறம் எந்த வெள்ளை என்று தெரியும். பாட்டை எழுதியவர் மதுரை பாஸ்கரதாஸ். விசுவநாததாஸ் பல முறை சிறை சென்றார். 1940 டிசம்பர் 31 இரவு சென்னையில் முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர் நீத்தார்.

இயற்பியல் மாணவனாகிய எனக்கு இது சோதனைக்கூடத்தை நினைவூட்டுகிறது. 256 ஹெர்ட்ஸ் இசைக்கவை ஒன்றையும் 260 ஹெர்ட்ஸ் இசைக்கவை ஒன்றையும் ஒருங்கே ஒலிக்கச் செய்தால், நொடிக்கு நான்கு முறை ஒலி ஏறி இறங்கும். அதை விம்மல் என்கிறோம். தனித்தனியே இரு கவைகளிலும் விம்மல் கிடையாது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடே விம்மலாகக் கேட்கிறது. திரித்துப் பாடும் பாட்டிலும் இப்படித்தான். வாயில் வருவது புதுச்சொல். காதுக்குள் ஓடுவது பழைய சொல். (எங்கள் பேராசிரியர் இந்த உவமையை ஒப்புக்கொள்வாரோ என்னவோ!)

நந்தன்

இதற்குத் தமிழில் தலைசிறந்த சான்று எது என்று தேடினேன். கல்லூரி நூலகத்தில் பாரதியார் கவிதைகளைப் புரட்டும்போது விடை கிடைத்தது. அதைச் சொல்வதற்கு முன் நந்தன் கதையைச் சொல்ல வேண்டும்.

பெரியபுராணத்தில் திருநாளைப்போவாருக்கு ஆண்டை கிடையாது. சிதம்பரம் போகத் தயங்குவதற்குக் காரணம் அவருடைய பிறப்பு மட்டுமே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நந்தன் சரித்திரக் கீர்த்தனையை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார்தான் வேதியர் என்ற பண்ணையாரைக் கதைக்குள் கொண்டுவந்தார். நந்தன் சிதம்பரம் போக உத்தரவு கேட்கிறான், வேதியர் ஏசுகிறார், பிறகு, நாற்பது வேலி நிலத்தின் பயிர் வேலை முழுவதையும் முடித்துவிட்டுப் போ என்கிறார். இறைவன் அருளால் அது ஒரே இரவில் முடிகிறது. இந்த நூலுக்குச் சிறப்புப்பாயிரம் தர மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை முதலில் தயங்கினார் என்பதை உ. வே. சாமிநாதையர் எழுதியிருக்கிறார். காரணம், இலக்கணப் பிழைகள். பிழை இருந்தால் என்ன? அந்த மெட்டுகள் காலட்சேபக்காரர்கள் வழியாக ஊர் ஊராகப் போய்விட்டன.

என் தாத்தா ஒரு பண்ணையில் ஆளாக இருந்தவர். அப்பாவுக்கு எட்டு வயதானபோது பள்ளிக்கூடத்து வாத்தியார் வீடு தேடி வந்து, "பையனை ஒழுங்காக அனுப்பு" என்றாராம். தாத்தா பண்ணையில் கேட்டார். "நடவு முடியட்டும்" என்றார்கள். நடவு முடிந்தது. "களையெடுப்பு முடியட்டும்." பிறகு அறுவடை. பிறகு அடுத்த நடவு. மூன்றாம் வகுப்போடு அப்பாவின் படிப்பு நின்றது. எங்களுக்கு இரவோடு இரவாக அறுத்துக் கொடுக்கப் பூதகணங்கள் வரவில்லை. நந்தன் சரித்திரத்தை முதன்முதலாக வாசித்த அன்று நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று வெளியே போய் நின்றேன்.

நந்தன் பாடல்களைப் பலர் பாடினார்கள். 1935-இல் வந்த பக்த நந்தனார் படத்தில் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாகவே நடித்தார்; மகாராஜபுரம் விசுவநாதய்யர் வேதியர். 1942-இல் ஜெமினியின் நந்தனாரில் தண்டபாணி தேசிகர் பாடினார். எங்கள் அப்பத்தா டூரிங் கொட்டகையில் பார்த்தது தேசிகர் படத்தைத்தான். நல்ல பாட்டைப் பிறர் மீண்டும் பாடும்போது அதன் ஆயுள் கூடுகிறது, அவ்வளவே. அதைத் திரித்துப் பாடுகிறவன் செய்வது வேறு வேலை.

பாரதியின் கைவண்ணம்

சுப்பிரமணிய பாரதியார் நந்தன் சரித்திர மெட்டுகளை விடாமல் பிடித்துக்கொண்டார். திருநெல்வேலி கலெக்டர் விஞ்சு, வ. உ. சிதம்பரம் பிள்ளையைப் பார்த்துப் பேசுவதாக அமைந்த பாட்டு நந்தன் மெட்டு. மிதவாதி ஒருவர் திலகரை இடித்துரைக்கும் பாட்டும் நந்தன் மெட்டு. இவை எல்லாவற்றிலும் கூர்மையானது 'தொண்டு செய்யும் அடிமை' என்ற பாட்டு. சுயராஜ்யம் கேட்கும் இந்தியனை ஓர் ஆங்கில உத்தியோகஸ்தன் ஏசுகிறான். அதன் மெட்டு எது தெரியுமா? திருநாளுக்குப் போக உத்தரவு கேட்ட நந்தனை வேதியர் குலத்தைச் சொல்லி ஏசுகிறாரே, அந்தப் பாட்டு!

இதில் உள்ள சூழ்ச்சியை எண்ணிப் பாருங்கள். அன்று பத்திரிகை வாங்கிப் படித்தவர்கள் யார்? பெரும்பாலும் படித்த மேல்தட்டினர். நந்தன் காலட்சேபத்தை முன்வரிசையில் அமர்ந்து கேட்டுக் கண்ணீர் விட்டவர்கள். ஆனால் தம் வீட்டுப் பண்ணையாளிடம் வேதியர் குரலிலேயே பேசியவர்களும் அவர்களில் உண்டு. அவர்கள் இந்தப் பாட்டைத் தமக்குத் தெரிந்த மெட்டில் முணுமுணுக்கத் தொடங்கினால், மூன்றாவது சொல்லுக்குள் தாம் நந்தன் நின்ற இடத்தில் நிற்பதை உணர்வார்கள். 'நீ உன் ஆளைப் பார்த்துச் சொன்னதைத்தான் வெள்ளைக்காரன் உன்னைப் பார்த்துச் சொல்கிறான்' என்று கட்டுரை எழுதியிருந்தால் கோபம் வந்திருக்கும். மெட்டு அதை வாய்விட்டுச் சொல்லாமலே சொல்லிவிட்டது.

பாரதி எல்லா நேரமும் இவ்வளவு நேர்த்தியாகச் செய்தார் என்று நான் சொல்ல மாட்டேன். 'கோக்கலே சாமியார் பாடல்' இராமலிங்க சுவாமிகளின் பாட்டைத் திரித்துப் பாடியது. பதிப்புகளில் "திரித்துப் பாடியது" என்றே குறிப்பும் இருக்கிறது. அதில் கேலி இருக்கிறது. ஆனால் வள்ளலார் பாட்டுக்கும் கோக்கலேயின் அரசியலுக்கும் உள்ளே ஓர் இணைப்பு இல்லை. வேறொரு பாட்டை எடுத்திருந்தாலும் கேலி அதே அளவுதான் இருந்திருக்கும். நந்தன் மெட்டை அப்படி மாற்ற முடியாது.

எனக்கு இன்னொரு குறையும் தோன்றுகிறது. அந்த மெட்டில் இந்தியன் நந்தனாகிவிட்டான். சரி, உண்மையான நந்தன் எங்கே போனான்? பாரதி பாட்டில் அவன் இல்லை. அவன் வயலிலேயே இருந்தான்.

பிற நாட்டிலும் இவ்வாறு செய்திருக்கிறார்கள். ஜான் கே என்பவர் 1728-இல் இலண்டன் மேடையில் 'பிச்சைக்காரர்களின் ஆபரா'வை ஏற்றினார். தெருப்பாட்டு மெட்டுகளைத் திருடர்கள் வாயில் வைத்து மந்திரிகளைக் கேலி செய்தார். அமெரிக்காவில் ஜோ ஹில் என்ற தொழிலாளி, தெருமுனையில் இரட்சணிய சேனை பாடிய கிறிஸ்தவப் பாடல் மெட்டை எடுத்து, பசித்தவனுக்கு மேலுலகத்தில் சோறு என்று சொல்பவரைப் பற்றி 1911-இல் பாட்டுக் கட்டினார். அவரை 1915-இல் சுட்டுக் கொன்றார்கள், ஒரு கொலை வழக்கில்.

கிந்தன்

வயலில் விட்டுவந்த நந்தனைத் திரும்ப அழைத்து வந்தவர் ஒரு நகைச்சுவை நடிகர். 1949-இல் வெளிவந்த நல்லதம்பி படத்தில் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் கிந்தனார் காலட்சேபம் நிகழ்த்துகிறார். பாட்டு உடுமலை நாராயண கவி, படத்தின் வசனம் அறிஞர் அண்ணா, இயக்கம் கிருஷ்ணன்–பஞ்சு. காலட்சேபத்துக்குரிய சம்பிரதாயம் ஒன்று விடாமல் இருக்கிறது: பாகவதர் இழுப்பு, பின்பாட்டு, நடுநடுவே விளக்கம். ஆனால் நந்தன் கிந்தனாகிவிட்டான். நந்தனுக்குச் சிதம்பரத்தின் மேல் ஆசை. கிந்தனுக்குப் படிப்பின் மேல் ஆசை. அங்கே தில்லை, இங்கே பள்ளிக்கூடம். நந்தன் நெருப்பில் புகுந்து சோதியில் கலந்தான்; கிந்தன் பரீட்சையில் புகுந்து தேறுகிறான்!

நடுவே ரயிலைப் போற்றிப் பாடும் ஒரு பகுதி உண்டு. தெய்வத்தைப் பாடுவதுபோல் ரயில் வண்டியைப் பாடுகிறார். ஏன்? எல்லாச் சாதியாரையும் ஒரே பெட்டியில் ஏற்றிக்கொண்டு போகிறதே, அதற்காக. இந்த இடத்தில் திரையரங்கே சிரித்திருக்கும். சிரித்து முடிப்பதற்குள் அவர்கள் ஒன்றை ஒப்புக்கொண்டும் இருப்பார்கள். கேலி யார் மேல் விழுகிறது என்று பாருங்கள். கிந்தன் மேல் விழவில்லை. நந்தனுடைய பக்தியின் மேலும் விழவில்லை. போகாதே என்று தடுத்தவர்கள் மேல்தான் விழுகிறது. எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் பாட்டு பழசாகவில்லை என்றால், அந்தத் தடை முழுவதும் பழசாகவில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

விடுதி நண்பர்கள் கட்டிய நான்கு வரியை இப்போது நான் வேறு விதமாகக் கேட்கிறேன். ஊர்ப் பெயரை வைத்துக் கட்டிய இரண்டு வரியும் நல்ல கேலி. அதை நானே பாடுவேன். மண்வெட்டி வரி சரியில்லை. அதைக் கட்டிய நண்பனிடமே சொன்னேன். அவன் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்கப்பா பெயின்ட் அடிக்கிறவர்டா" என்றான். மறுநாள் இரவு அந்த இடத்தில் பெயின்ட் டப்பாவை வைத்துப் பாடினான். தாளம் கொஞ்சம் இடித்தது.

பொங்கல் விடுமுறையில் கிந்தனாரைக் கைபேசியில் அப்பத்தாவுக்குப் போட்டுக் காட்டினேன். அவருக்குக் கண் சரியில்லை; காது கூர்மை. கிருஷ்ணன் ஒரு பாட்டை இழுத்து ஆரம்பித்ததும், "ஏய்யா, இது நந்தனாரு பாட்டுல்ல?" என்றார். "ஆமா அப்பத்தா, ஆனா ஆளு வேற." ரயில் பாட்டு வந்ததும் பொக்கை வாயால் சிரித்தார். முடிந்த பிறகு வெகுநேரம் சும்மா இருந்தார்.

"படிக்கப் போனானே அந்தப் பய, அவன் யாருகிட்ட உத்தரவு கேட்டுட்டுப் போனான்?"

"ரயிலேறிப் போயிட்டான், அப்பத்தா."

"ம்" என்றார். பிறகு, "இன்னொருக்கப் போடு" என்றார்.