பேருருவும் சிற்றளவும்: எந்திர – அரக்கப் போர்த் திரைப்படங்களில் மெய்ப்பாட்டு மாற்றம்

திறவுச்சொற்கள்: மருட்கை, அச்சம், பெருமிதம், அழுகை, கைஜு, பசிபிக் ரிம், கோஜிரா

முன்னுரை

கோடை விடுமுறையைக் கருதிப் பெருஞ்செலவிலான படங்களை வெளியிடும் வழக்கம், 1975 சூன் மாதத்தில் வந்த 'ஜாஸ்' படத்தின் வெற்றிக்குப் பின் அமெரிக்காவில் வலுப்பெற்றது. அவ்வரிசையில் வானளாவிய எந்திரமும் கடலினின்று எழும் பேருயிரும் பொருதும் படங்கள் தனியொரு வகையாகும். இவற்றைச் சிறுவர்க்குரிய ஆரவாரம் என ஒதுக்குவோர் உளர். உருவத்தின் பெருமையே கவர்ச்சி என்று கூறி அமைவோரும் உளர். உருவப் பெருமையே காரணமாயின், மேலும் பெரிய உருவம் மேலும் இன்பம் தருதல் வேண்டும். அவ்வாறு நிகழ்வதில்லை. கியர்மோ தெல் தோரோ இயக்கி 2013 சூலையில் வெளிவந்த 'பசிபிக் ரிம்' படத்தை முதன்மைச் சான்றாகக் கொண்டு, இவ்வின்பம் எவ்வாறு பிறக்கிறது, அதன்பொருட்டு எது கைவிடப்படுகிறது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் பாகுபாடு இதற்குக் கருவியாகக் கொள்ளப்படுகிறது.

அச்சத்தின் பிறப்பு

அச்சம் பிறக்கும் களங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை ஆகிய நான்கைத் தொல்காப்பியர் சுட்டுகிறார். சப்பானியர் 'கைஜு' என வழங்கும் பேருயிர் இவற்றுள் முதலிரண்டையும் ஒருங்கே கொண்டது. உடலால் அது விலங்கு. காரணமறிய இயலாத வருகையாலும் தடுக்கவொண்ணா ஆற்றலாலும் அணங்கு. 1954 நவம்பர் 3 அன்று வெளிவந்த இஷிரோ ஹோண்டாவின் 'கோஜிரா' இவ்வகைக்குத் தலையூற்று. அவ்வாண்டு மார்ச்சு முதல் நாள் பிகினித் தீவில் அமெரிக்கா நிகழ்த்திய நீரகக்குண்டுச் சோதனையின் கதிர்வீச்சுச் சாம்பல் சப்பானிய மீன்பிடிப் படகொன்றின்மீது படிந்தது. எட்டுத் திங்கள் கழித்துத் திரையில் கோஜிரா எழுந்தபோது, பார்வையாளர்க்கு அதன் பொருளை விளக்கவேண்டிய தேவையிருக்கவில்லை. அப்படத்தில் எந்திர வீரன் எவனும் இல்லை. எரியும் நகரில் பிள்ளைகளை அணைத்தபடி சாவை எதிர்நோக்கும் தாயும், மருத்துவமனையில் கதிரளவி காட்டப்படும் குழந்தையும் உள்ளனர். அச்சத்தின் பின் அழுகையே வருகிறது. அதுவும் இழவு பற்றிய அழுகை.

மருட்கையும் அளவையும்

மருட்கை புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கிலிருந்து பிறக்கும் என்பர். பெருமையை அடுத்தே சிறுமையும் எண்ணப்பட்டமை இங்குக் கருதத்தக்கது. பெருமை தனித்து நின்று புலப்படுவதன்று. அருகே சிறியது ஒன்று இருந்தாலன்றிக் கண்ணுக்கு அது தெரியாது. இதனைப் படைப்பாளர் கைத்தொழிலாகவே அறிந்திருந்தனர். கோஜிராவின் உயரம் 50 மீட்டர் எனக் கொள்ளப்பட்டது. அன்றைய டோக்கியோக் கட்டடங்களுக்கு மேல் தலை தெரிய அது போதும். எய்ஜி சுபுராயா குழுவினர் 25இல் ஒரு பங்கு அளவில் நகரை அமைத்தனர். ஏறத்தாழ 100 கிலோ எடையுள்ள உடுப்பினுள் ஹருவோ நகாஜிமா என்னும் நடிகர் நடந்தார்.

அளவு மட்டும் போதாது, காலமும் வேண்டும். ஒரு பொருள் விழுவதற்கு ஆகும் நேரம் உயரத்தின் இருமடி மூலத்துக்கு நேர்விகிதமானது. 1.6 மீட்டர் உயரத்தினின்று விழும் பொருள் அரை நொடியைச் சற்றுக் கடந்து தரையைத் தொடும். 80 மீட்டரினின்று விழுவது நான்கு நொடி எடுக்கும். ஆகவே 25இல் ஒரு பங்கு மாதிரியை நொடிக்கு 24 சட்டகங்களுக்கு மாறாக அதனினும் ஐந்து மடங்கு விரைவில் படமாக்கி, இயல்பு விரைவில் ஓட்டினால் உண்மையான எடை தோன்றும் என்பது கணக்கு. இக்கணக்கை எழுத்தில் அறியாத பார்வையாளரும் கண்ணால் அறிவர். மெதுவாக விழுவது பெரிது என்பதை ஆலமரக் கிளை முறிவதைக் கண்டவர்க்குக் கற்பிக்க வேண்டியதில்லை.

'பசிபிக் ரிம்' இம்மரபைக் கணினி வரைகலைக்குள் கொண்டுவந்தது. படம் ஹோண்டாவுக்கும் ரே ஹாரிஹவுசனுக்கும் காணிக்கையாக்கப்பட்டுள்ளமை வெறும் மரியாதையன்று. ஏறத்தாழ 80 மீட்டர் உயரமுள்ள 'ஜிப்சி டேஞ்சர்' என்னும் எந்திரத்தின் தோளில் மழை வழிகிறது. அது கை ஓங்கும்போது கடல்நீர் அருவியாய்க் கொட்டுகிறது. ஹாங்காங் போரில் அதன் முட்டி ஓர் அலுவலகக் கட்டடத்தைத் துளைத்துச் சென்று, மேசைமேல் இருக்கும் நியூட்டன் ஊசற் குண்டுகளை மெல்லத் தொட்டு ஆட்டிவிட்டு நிற்கிறது. இப்படத்தின் மிகச்சிறந்த கணம் இதுவே என்பது என் துணிபு. பெருமையும் சிறுமையும் ஒரே சட்டகத்தில் சந்திக்க, மருட்கையோடு நகையும் பிறக்கிறது. 2018இல் வந்த தொடர்ச்சிப் படம் எந்திரங்களைப் பகலொளியில், மனிதரையொத்த விரைவில் ஓடவிட்டது. உருவம் குறையவில்லை, எடை போயிற்று. முதற்படம் உலக அளவில் 40 கோடி டாலருக்கு மேல் ஈட்ட, இது ஏறத்தாழ 29 கோடியில் நின்றது. வருவாய்க் குறைவுக்குக் காரணம் பலவாகலாம். எனினும் மருட்கை குன்றியதைக் கண்டவர் மறுப்பது அரிது.

தமிழில் இதற்கு இணையானது சங்கரின் '2.0' (2018). கைப்பேசிகளால் ஆன பெரும்பறவையும் பேருருக் கொண்ட சிட்டியும் பொருதிய பின்னர், வெற்றி வாய்ப்பது புறாக்களின்மீது ஏறிவரும் குட்டி எந்திரங்களுக்கே. சிறுமையும் மருட்கைக் களன் என்பதற்கு இதனினும் வெளிப்படையான திரைச்சான்றைக் காண்பது கடினம்.

அச்சத்தினின்று பெருமிதத்துக்கு

எந்திரம் இக்கதைகளுக்குள் நுழைந்ததும் மெய்ப்பாடு மாறுகிறது. 1956இல் தொடங்கிய மிட்சுதெரு யோகோயாமாவின் 'டெட்சுஜின் 28' சித்திரக்கதையில் சிறுவன் எந்திரத்தைத் தொலைவிலிருந்து ஏவுகிறான். 1972இல் கோ நகாய் படைத்த 'மாசிங்கர் இசட்' கதையில் செலுத்துநன் எந்திரத்தின் தலைக்குள் அமர்கிறான். சிறியது பெரியதன் உள்ளே புகுந்தது. தறுகண் என்னும் பெருமிதக் களனுக்கு உடல் கிடைத்தது இவ்விடத்தேதான். கோஜிரா உடுப்பினுள்ளும் ஒரு மனிதர் இருந்தார் என்பதை நினைந்தால், இருபுறமும் மனித உடலே பொருதுகிறது எனலாம்.

தெல் தோரோ ஒருவர்க்கு மாற்றாக இருவரை உள்ளே நிறுத்துகிறார். எந்திரத்தின் சுமையைத் தனியொருவர் மூளை தாங்காது. இருவர் நினைவுகளும் கலந்தாலே அது நடக்கும். வீரத்துக்கு விலையாக ஒருவர் இழவு மற்றவர்க்குத் தெரிந்தாகவேண்டும். மாக்கோ மோரி தன் முதல் முயற்சியில் குழந்தைப் பருவ நினைவினுள் சிக்குகிறாள்: சாம்பல் படிந்த டோக்கியோத் தெரு, கையில் சிவப்புக் காலணி ஒன்று, எதிரே அரக்கன். 1954இன் அழுகை முழுமையாகத் திரும்பி வரும் இடம் இதுவொன்றே. அதனைத் தொடர்ந்து எந்திரம் தன் பாசறையையே சுட முனைகிறது. துயரம் பெருமிதமாக எளிதில் மாறிவிடுவதில்லை என்பதைப் படம் இங்கு ஒத்துக்கொள்கிறது. பிற்பகுதி இவ்வொப்புதலை மறந்துவிடுகிறது. ஹாங்காங் மக்கள் புகலறைகளுக்குள் அனுப்பப்பட்டபின் நகரம் பெரும்பாலும் ஆளற்ற அரங்காகிறது. இடியும் கட்டடங்களை வருத்தமின்றிப் பார்க்க நமக்கு இசைவு தரப்படுகிறது.

இம்மாற்றத்தின் எல்லை அணுவாற்றலைக் கையாளும் முறையில் தெரிகிறது. 1954இல் அரக்கனை அழிக்கும் கருவியைக் கண்ட அறிஞர் செரிசாவா, அது மறுபடி எவர் கையிலும் சேராதிருக்கத் தம் குறிப்புகளை எரித்துவிட்டு அரக்கனோடு தாமும் கடலடியில் மடிகிறார். 2013இல் ஜிப்சி டேஞ்சரின் மார்பிலேயே அணு உலை இயங்குகிறது. அவ்வுலையின் வெடிப்பே பசிபிக் கடலடிப் பிளவை மூடி உலகைக் காக்கிறது. செலுத்துநர் இருவரும் மிதவைக் கூடுகளில் மேலே வந்து காலையொளியில் அமர்ந்திருக்கின்றனர். வெடிப்பு நிகழ்ந்ததோ பிளவுக்கு அப்பாலுள்ள வேற்றுலகில். அங்கே கதிரளவியோடு எவரும் காட்டப்படவில்லை.